அரை இஞ்ச் பைப்

அன்புள்ள கனி,

நலமா? மழை ஈரத்தில் உன் முழங்கால் வலி கூடவில்லையே? தைலம் தீர்வதற்குள் வாங்கிக்கொள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

வீராம்பட்டினம் சாலையில் நாங்கள் கட்டும் நான்கு மாடி விடுதியில் ஒரு சின்னக் கூத்து. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பை நான் அரை இஞ்சில் போட்டேன். ஹோஸ் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுகிறதே, பைப் சிறுத்தால் வேகம் கூடும் என்று பதினெட்டு வருடமாக நம்பியவன் நான்.

என்ஜினியர் பெண் செந்தமிழ்ச்செல்வி கீழே பைப்பில் பிரஷர் மீட்டரை மாட்டியது. எல்லாக் குழாயும் மூடியிருந்தபோது முள் உயரத்தில் நின்றது. நாலு குழாயைத் திறந்ததும் சரிந்துவிட்டது.

“நிக்கிற தண்ணிக்கு பைப்பு சின்னதா பெருசான்னு தெரியாதுண்ணா. ஓடுனாத்தான் தெரியும்.”

ஒன்றரை இஞ்சுக்கு மாற்றினோம். நேற்று முப்பத்திரண்டு குழாயையும் ஒன்றாகத் திறந்தோம், கனி! ஒன்றுகூட இளைக்கவில்லை. அதே தொட்டி, அதே தண்ணீர். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நம் வீட்டிலும் நான் போட்டது அரை இஞ்சுதான். நான் குளித்து முடிக்கும்வரை நீ அடுப்படிக் குழாயைத் திறக்காமல் பாத்திரத்தோடு நின்றது இப்போதுதான் உறைக்கிறது. ஒரு நாளும் நீ சொன்னதில்லையே.

தொட்டியிலிருந்து அடுப்படிவரை கயிறு பிடித்து அளந்து எழுது. பொங்கலுக்கு வந்து மாற்றிவிடுகிறேன். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

நான் இல்லாததால் இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது என்று மட்டும் எழுதிவிடாதே.

பேச்சிமுத்து