இடம் மாற்றி நட்ட கம்பம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் வந்தது, ஆனால் நேற்று மத்தியானம் பிடித்த படபடப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

பின்பக்கம் நிழலாக உட்கார ஒரு பந்தல் போட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றது உனக்குத் தெரியும். வெயில் கண்ணைக் கூசுது, மேல சட்டம் அடிச்சு வலை கட்டிட்டா நிம்மதியா உட்காரலாம் என்றார். நாலு இரும்புக் கம்பம், மேலே குறுக்குச் சட்டங்கள், உள்ளே ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் வேலை. ஆனால் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்று அவர் பண்ணிய அலப்பறை இருக்கிறதே! பின்வாசலிலிருந்து பெஞ்சு வரைக்கும் நடந்து நடந்து பார்த்து, ஒரு விரற்கடை தள்ளினாலும் வெல்டரோடு மல்லுக்கு நின்றார். பஸ் ஓட்டி ரிட்டையரான மனுஷன், பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று அவர் பெயிண்ட் வாங்கப் போயிருந்தபோது எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெஞ்சுக்கு இடம் காணாது போலிருந்தது, ஒரு கம்பத்தை நடைபாதைப் பக்கமாகத் தள்ளி நடச் சொன்னேன். ஐயா வந்தா என்னைத்தாம்மா திட்டுவாரு என்று வெல்டர் தயங்கினான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய இவளாட்டம் சொல்லிவிட்டேன். அவர் வந்தார். பட்டப்பகல், கம்பத்தில் பளீரென்று சிவப்பு பிரைமர் பூச்சு, அதில் நேராகப் போய் நெற்றியால் மோதினார். ஈர சிமெண்டில் நின்ற கம்பம் சாய்ந்தே விட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதோடு விட்டாரா, அந்தக் கம்பத்தைக் கையால் தட்டி, வழியில நிக்காதப்பா, தள்ளிக்கோ என்றார். வெல்டர் என் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான்.

கேட்டால், வெயில்ல கண்ணு இருட்டிடுச்சு, இதுக்குப் போய் ஊரைக் கூட்டாதே என்று எரிந்து விழுந்தார். ஆனால் வெல்டர் கிளம்பும்போது, இடம் பாக்கும்போதெல்லாம் ஐயா கண்ணை மூடிக்கிட்டுதாம்மா நடந்தாரு, கம்பத்தைத் தொட்டுத் தொட்டுப் பெஞ்சுக்குப் போய்ப் பாத்தாரு என்றான். ஐயோ, கண்ணு, பெயிண்ட் வாங்க அவர் எதில் போனார் தெரியுமா? ஸ்கூட்டரில்! சிக்னலில் நின்றால் என்ன கலர் சொல்லு பார்ப்போம் என்று விளையாட்டாகக் கேட்பார், நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டு பச்சை, பச்சை என்று குழந்தை மாதிரிக் கத்துவேன். சாவியைத் துணி பீரோவுக்குள் ஒளித்துவிட்டேன், காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.

கண் டாக்டர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். என் பேச்சு எடுபடாது, உன் பேச்சுதான் அங்கே செல்லும். எப்படியாவது லீவு கேட்டுக்கொண்டு வா, நீயே கையோடு கூட்டிப் போ. அதுவரை போனில் எதுவும் தெரியாத மாதிரியே பேசு. கண்ட நேரத்தில் சாப்பிடாதே, மாப்பிள்ளையையும் கவனி. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பி.கு.: வழக்கம்போல நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று அப்பா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். எனக்கு உயிரே இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார், பந்தலைப் பத்தி நல்லா எழுதியிருக்கே என்று சொன்னார். மேலே என் கையெழுத்தின் மீதே விழுந்திருக்கிறதே, அதுதான் அவருடையது.