டேங்கரில் போகும் நம் கிணற்றுத் தண்ணீர்

செல்வத்தின் அப்பாவுக்கு, என் ஆசை ராசாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு வருசம் ஆகிறது. உங்கள் மேல் எனக்குப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு. இன்றைக்குக் கோபம்தான் ஜாஸ்தி.

உங்கள் அப்பா, உங்கள் அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர், உங்களுக்கு ஒன்றரை ஏக்கர் என்று கயிறு பிடித்து அளந்து கொடுத்தார். கிணறு பொது. ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் நம் முறை. கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கேட்டு மனுப் போட்டபோது அண்ணன் பெயரை மட்டும் எழுத விட்டீர்கள்.

"உங்க பேரையும் போட்டா இன்னா?" என்று கேட்டேன்.

"பெரியவரு இருக்கும்போது எம் பேரு எதுக்குடி? மரியாதையா இருக்குமா?"

கேழ்வரகுக் களி கிண்டிய துடுப்பு என் கையில் இருந்தது. அப்போதே ஒன்று போட்டிருக்க வேண்டும்.

அண்ணன் போனதும் அவர் மகன் குமார் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு மோட்டார் அறையைப் பூட்டிவிட்டான். அவன் தென்னை காய்த்துத் தள்ளுகிறது. நம் வேர்க்கடலை காய் பிடிக்காமல் கருகிப்போச்சு. நம் மருமகள் கூலிக்காக விடியும்போதே ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறாள். ஒரே அளவு நிலம்தானே? அவன் வீட்டுக்கு மாடி எப்படி வந்தது? நமக்கு உடைந்த கூரை ஓட்டை மாற்றக்கூட ஏன் வழியில்லை?

அதைக்கூடப் பொறுத்தேன். நம் பயிருக்கு இல்லாத தண்ணீரை இப்போது டேங்கரில் ஏற்றித் தோல் பதனிடும் ஷெட்டுக்கு விற்கிறான். பாலாற்றை நாறடித்தவர்களுக்கு நம் கிணற்று நல்ல தண்ணீர்!

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். கூடவே ஒரு பத்திரம். கிணற்றில் நம் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டுமாம்.

"சின்னம்மா, நாமெல்லாம் ஒரே குடும்பம். ஒரு கையெழுத்து போதும்."

"ஒரே குடும்பம்னா சாவி எங்கடா?"

"உங்க நெலத்துலதான் பயிரே இல்லியே. தண்ணி இன்னாத்துக்கு?"

"தண்ணிய நிறுத்திட்டு பயிரு எங்கன்னு கேக்குற. த்தூ! சோறு துன்ற வாயாடா அது?"

"பேஜார் பண்ணாத சின்னம்மா" என்று பத்திரத்தை வைத்துவிட்டுப் போனான். பிரியாணியைத் தின்றேன். கூட வந்த கத்திரிக்காய்க் கூட்டு நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை.

டேங்கர் கிணற்றுக்குப் போகிற வழி நம் நிலத்தின் மேல்தான். அதை அவன் மறந்துவிட்டான். இன்று காலையில் வேலிகாத்தான் முள் வெட்டிப் போட்டு அடைத்தேன். ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டிரைவர் திரும்பிப்போனான். மோட்டார் சாவி ஒன்று என் இடுப்பில் ஏறுகிற வரைக்கும் அந்த முள்ளை எடுக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தெரியாத,
உங்கள் பெண்சாதி