ஜன்னல் திரையும் எதிர்மாடி டவரும்

பிப்ரவரி 3

எதிர்மாடியில் செல்போன் டவர் ஏறி ஒரு மாதம் இருக்கும். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலைவலி. எல்லாம் அதன் கதிர்வீச்சாம். என் போனையும் பிடுங்கி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டார். மகள் கூப்பிட்டால் டின்னுக்குள்ளிருந்து முனகல் கேட்கிறது. "உங்க மக டின்னுக்குள்ள கிடந்து அழுறா, எடுங்க" என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 9

தையல் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்து ஜன்னலுக்குத் திரை தைத்தார். இரண்டு துணிக்கு நடுவில், பொட்டலம் மடிக்கிற அலுமினியத் தாள்! கட்டில் தலைமாட்டில் என் பக்கம் ஒன்று, அவர் பக்கம் ஒன்று. காற்றடித்தால் சரசர என்கிறது. ஊரெல்லாம் தேடி வந்து தைத்துக்கொள்கிற கை, இதில் மட்டும் தையல் கோணல்மாணலாக ஓடியிருக்கிறது. கேட்டால், "இது என்ன கல்யாணச் சட்டையா?" என்கிறார்.

பிப்ரவரி 16

டவரில் வேலை பார்ப்பவரை வழியில் மறித்து இன்று கேட்டேவிட்டேன். "அக்கா, இன்னும் கரண்டே குடுக்கலை. சும்மா கம்பிதான் நிக்குது" என்றார்.

என் தம்பி சாப்பிட வந்திருந்தான். அவன் எதிரிலேயே போட்டு உடைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

இவர் தட்டைப் பார்த்தபடி கேட்டார்: "அப்போ எனக்கு வலிக்கலையா?"

நான் அப்படியா சொன்னேன்? தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 17

இன்று தலைவலி இல்லையாம்.

பிப்ரவரி 28

இன்றும் இல்லையாம். டின்னில் மறுபடி பிஸ்கட். போன் மேசைமேல் கிடக்கிறது. ஆள்தான் வாயே திறப்பதில்லை. ரோஷம். எத்தனை நாளைக்கு, பார்க்கலாம்.

மார்ச் 11

கடையில் ஊசியில் நூல் கோக்கத் தடவிக்கொண்டே இருந்தாராம். அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

மெஷின் டிராயரைத் திறந்தால் காலி மாத்திரை அட்டைகள். எல்லாம் தலைவலி மாத்திரை.

பாவி மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சொன்னாரே. நான்தானே சிரிச்சேன்.

மார்ச் 12

ஸ்கேன். அந்த மெஷினே பெரிய காந்தம் என்று யாரோ சொல்லித் தொலைத்துவிட்டார்கள். "நான் அதுக்குள்ள போகமாட்டேன்" என்று என் கையை விடவே இல்லை. "நான் கதவுகிட்டயே நிக்கிறேன். கண்ணை மூடிட்டுப் போயிட்டு வாங்க" என்றேன்.

சட்டென்று கையை உதறினார். "கதவுகிட்ட நீ ஏன் நிக்கிற? தள்ளிப் போ. தெருவுக்கே போயிடு."

நான் வராந்தாக் கடைசிக்குப் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

மார்ச் 13

மூளையில் கட்டி. பெரிசு.

"எதிர்மாடி டவராலயா டாக்டர்? அதுக்கு இன்னும் கரண்டே குடுக்கலை." நானே கேட்டேன், வெட்கம்கெட்டவள்.

"ஓடாத டவரால எப்படிம்மா? எதனால வந்துச்சுன்னு எங்களுக்கும் தெரியாது."

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"இன்னும் கொஞ்ச நாள் கிடைச்சிருக்கலாம்" என்றார். கொஞ்ச நாள். அது போதுமே எனக்கு. அதைத்தானே நான் சிரித்தே தொலைத்தேன்.

ஏப்ரல் 6

எழுத வரலை. நேத்து எல்லாம் முடிஞ்சுது.

மே 19

டவருக்குக் கரண்ட் வந்துவிட்டது. போனில் மகள் குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்கிறது. "அப்பா போன பிறகும் அந்தத் திரை எதுக்கும்மா? கழட்டிடேன்" என்றாள். அதுவும் சரிதான் என்று ஏறிக் கழற்றினேன்.

அவர் பக்கத்துத் திரை ஒரு கையில் வந்துவிட்டது. என் பக்கத்தது கனத்தது. என்னடா இது என்று இரண்டிலும் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். அவர் பக்கம் ஒற்றைத் தாள். என் பக்கம் மூன்று.

கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு பிரித்த ஓரங்களை நானே தைத்தேன். என் தையலும் கோணல்தான். இரண்டையும் மறுபடி மாட்டினேன் — கனமானதை அவர் பக்கம்.