இருபது முகப் பகடையும் ஆடிப் பதினெட்டும்

ஆடி 25, வியாழன்
காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். இப்படித்தான் ஆகும் என்று முன்பே சொன்னவன் குடவாசலில் நான் ஒருவன்தான். யார் கேட்டார்கள். உரக்கடை கலியபெருமாள் தன் கடை மாடி அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்கா மகள் யாழினியும் சிநேகிதர்கள் நாலு பேரும் ஞாயிறுதோறும் கூடி விளையாடும் அறை. ஆடி முடிவதற்குள் காலியாம்.

எதிர் அறையில் கம்ப்யூட்டர் கேம் சென்டர். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன், "பின்னாடி வர்றான், சுடுறா" என்று அலறல். அவர்களை ஒரு சொல் சொல்வது கிடையாது. ஏன் என்று கலியபெருமாளைக் கேட்டேன். "அது கேமுங்க, எம் மவனும்தான் ஆடுறான். இவங்க எதிர்ல மெஷினே இல்லாம வேற யாரோ மாதிரி பேசுறாங்க. நல்லாவா இருக்கு?"

மறக்கக் கூடாதவை: கண்ணாடிக்குக் காது ஒடிந்து மூன்று வாரம். வரப்பு வெட்ட ஆள். அக்காவுக்கு மாத்திரை.

ஆடி 26, வெள்ளி
வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்.

அந்த விளையாட்டை எழுதிவைக்கிறேன். எட்டாவதோடு நிறுத்தியவன் என்றாலும் ஜில்லாவில் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவன் நான்தான். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேடம், உட்கார்ந்த இடத்திலேயே. கடல் கொண்ட பட்டினம், மணல் மூடிய துறைமுகம். யாழினி படகுக்காரி. படகு கரை சேருமா, கவிழுமா? பகடை சொல்லும். நெல்லிக்காய் அளவு, இருபது முகம்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிறு கொழுக்கட்டை கொண்டுபோனேன். உட்காரவைத்து, சுங்கக்காரன் வேடம் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம். ஒரு கப்பலையே திருப்பி அனுப்பினேன். அசந்துவிட்டார்கள்.

அன்று யாழினி உருட்டியதில் பதினெட்டு. படகு கரை சேர்ந்தது. அதே போல ஆடிப் பதினெட்டன்று நம் கடைமடைக்குத் தண்ணீர். இரண்டையும் கண்ணால் பார்த்தவன் நான். டீக்கடையில் சொன்னேன். பிள்ளையைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆடி 28, ஞாயிறு
புழுக்கம். மாடிப்படி முழுக்கச் செருப்பு. கூட்டம் கேம் சென்டருக்கு இல்லை, யாழினிக்கு. ஒரு அம்மாள் ஜாதகத்தோடு. கீழத்தெரு செல்லம்மா, மாட்டைத் தொலைத்தவள், கையில் வெற்றிலை பாக்கு.

"ஒரே ஒருதரம் உருட்டும்மா. மாடு எந்தத் திக்குல போச்சுன்னு சொல்லு."

"அத்தை, இது குறி இல்ல. கதை."

"கதைன்னா ஆத்துல எப்புடிடி தண்ணி வந்துச்சு? ஒம் மாமந்தானே சொன்னாரு."

கலியபெருமாள் படியிலேயே நின்றார். "இதுக்குத்தாங்க காலி பண்ணச் சொன்னேன். நாளைக்கு குறி தப்புனா என் கடையிலதான் கல்லு விழும்."

எல்லோரும் போன பிறகு யாழினி பகடைகளைச் சுருக்குப் பையில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் அவள். "ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுட்டாங்க மாமா. சாமியாடுறியாமேங்கிறாங்க. புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போன்ல நாலு பேரச் சுட்டுக்கிட்டிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். "வேற ஆளு மாதிரி பேசுனா சனங்க பயப்படத்தான் செய்யும் பாப்பா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "நீங்க டீக்கடையில தெனம் பண்றதத்தான் மாமா நாங்க இங்க பண்றோம். எங்க மேசையில இருக்குற அஞ்சு பேருக்கும் அது கதைன்னு தெரியும். அவ்ளோதான் வித்தியாசம்."

கொழுக்கட்டைத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மெஷின் பொய் சொன்னால் விளையாட்டு. நான் சொன்னால் செய்தி. ஒளிக்காமல் கதை என்று சொல்லிவிட்டுச் சொல்கிறவளுக்குத்தான் கெட்ட பெயர்.

ஆடி 29, திங்கள்
மேகமூட்டம். நடவு ஆள் வரவில்லை. கண்ணாடி இன்னும் கடையில்.

டீக்கடைக்குப் போனேன். கலியபெருமாள், செல்லம்மா, இன்னும் ஏழெட்டுப் பேர். வழக்கமான பெஞ்சு. உட்காரவில்லை.

"பதினெட்டு விழுந்துச்சுன்னு சொன்னேனே, அது நான் கட்டுன கதை" என்றேன்.

சிரித்தார்கள். கலியபெருமாள் சிரிக்கவில்லை. "அப்ப என்ன விழுந்துச்சு?"

"தெரியாது."

"போன வருசம் கொள்ளிடத்துல மொதலைய வாலப் புடிச்சு இழுத்தேன்னீங்களே, அது?" என்றார்.

நான் டீ சொல்லப் போனேன். செல்லம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெற்றிலையை மடியில் முடிந்துகொண்டு மாட்டைத் தேடப் போனாள். கலியபெருமாள் டீயை முடித்துவிட்டு, "இதே பேச்ச அந்த ஸ்கூல்லயும் வந்து சொல்லிடுங்க. அறை அவங்களுக்கே இருக்கட்டும்" என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு நானும் அவரும் போகிறோம்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்ல வேண்டியதை ஒழுங்காக எழுதிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை இதே நோட்டில் கண்ணால் பார்த்ததாக எழுதியதும் சேர்த்துத்தான். அந்த ஞாயிறு பகடை பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. குனிந்து எடுத்தவன் நான். கண்ணாடி போடவில்லை. எடுக்கும்போதே புரண்டுவிட்டது. பதினெட்டு என்று சத்தமாகச் சொன்னதும் நான்தான்.