வேனும் விளக்குக் கம்பமும்

செவ்வாய், இரவு.

"நம்ம ரயில் நகருதா, பக்கத்து ரயில் நகருதான்னு எப்படிங்க சார் தெரியும்?" என்று முன்பு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். "பிளாட்பாரத் தூணைப் பாரு கண்ணு" என்றேன்.

இன்று பாலத்து இறக்கத்தில், முன்னால் நின்ற பனியன் கம்பெனி வேன் பின்னால் வந்து என் காரை இடித்ததாக அடித்துச் சொன்னேன்.

"நான் நகரவே இல்ல சார். ஓனர் வேலையவிட்டு நிறுத்திருவாரு" என்றார் டிரைவர்.

என் காரின் கேமராப் பதிவை அங்கேயே பார்த்தோம். வேன் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பக்கத்து லைட் கம்பமும் பெருசாகுதே சார். அதுவுமா ரிவர்ஸ்ல வருது?"

பிரேக்கில் கால் தளர்ந்து, உருண்டது என் கார்தான். அவருடைய ஓனருக்குப் போன் செய்து, தவறு என்னுடையது என்றேன்.

இனி முன்வண்டி நகர்வதாகத் தோன்றினால், முதலில் கம்பத்தைப் பார்.