கிளாரினெட்டும் சாவிக்கொத்தும்

பெரம்பலூர்,
4-4-1947, பெரிய வெள்ளி, மாலை.

அன்புள்ள அமலோற்பவத்துக்கு விண்ணரசி எழுதுவது.

‘உன் வீட்டுக்காரர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வாத்தியம் வாசிக்கப் போனதில் உனக்குச் சந்தோஷமா, பயமா? ஒரே சொல்லில் எழுது’ என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் விடை வராத கணக்கை நீ அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாய். நான் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன், கொழும்பிலிருந்தபடியே நீ ஒரு முடிவுக்கு வந்தால் எனக்கும் சொல்.

இவர் இங்கே வெள்ளைக்காரக் கம்பெனியின் கடலைக் கொள்முதல் ஆபீசில் பெரிய குமாஸ்தா என்பது உனக்குத் தெரியும். துரை மேஜை மணியைத் தட்டினால் உள்ளே போவார், தட்டாவிட்டால் வாசலிலேயே நிற்பார். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான். கிளாரினெட் வாசிப்பார் என்பதும் உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையே எழுந்துபோய் பேண்டுக்காரர் கையிலிருந்து வாங்கி ஊதியதை நீ இன்னும் சொல்லிச் சிரிக்கிறாய். திருச்சி போர்டிங் பள்ளிக்கூடத்தில் சிறுவயதில் கற்றது. பிறகு திருவிழாவுக்குத் திருவிழா பெட்டியைத் திறப்பார், மூடுவார்.

போன வருஷக் கடைசியில் ராசாங்கம் என்ற ரஞ்சன்குடிக்காரன் ஆபீசுக்கு மூட்டை தூக்கும் வேலை கேட்டு வந்தான். யுத்தத்தில் பட்டாளத்து பேண்டில் கார்னெட் ஊதினவன். இவர் அவனுக்கு வேலை கொடுப்பதற்குப் பதில் தம் வேலையை விட்டுவிட்டார். ஒரு பேண்டு செட் சேர்க்க வேண்டும், இனி எல்லா நாளும் அதுதான் தொழில் என்றார். என்னைக் கேட்டுக்கொண்டுதான் செய்தார். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சம்பளம் வருகிறது, பட்டினி கிடக்கமாட்டோம் என்று மட்டும் சொன்னேன். பம்பாயிலிருக்கும் பையன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்து எழுதியிருந்தான்.

பெரிய டிரம்முக்கு என் தம்பி அமிர்தசாமி. இன்னும் இரண்டு பேர் ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். பட்டாளத்துச் சாமான்களை விற்றுத் தீர்த்தபோது நசுங்கலும் நெளிசலுமாக வாத்தியங்கள் கிடைத்தன. துரை ஈஸ்டர் என்கிற பாஸ்குவுக்கு முன்னும் பின்னும் கல்யாணங்கள் குவியும் என்று கணக்குப் போட்டு, மாசியில் ராஜினாமாவைக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனோம். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். படியிறங்கும்போது இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. தபசு காலம் தொடங்கிவிட்டது. பாஸ்கு வரைக்கும் நம் ஜனங்களில் கல்யாணம் இல்லை, தேர் இல்லை, கோயிலில் ஆர்மோனியத்தைக்கூடத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மற்றவர்கள் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் இருக்கிறது, பேண்டு கேட்கிறவர்கள் நாம்தான். ஆபீஸ் சுவரில் கோயில் காலண்டரை மாட்டி, ஒருசந்தி நோன்பு நாளுக்கெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டவர் இவர். வாத்தியக்காரராக வாழத் தொடங்கிய முதல் நாள் சாம்பல் புதன்.

அமிர்தசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏன் மச்சான், கம்பெனிலயும் தேதி பாக்காமத்தான் கணக்கு எழுதுனீங்களா?” என்றான். ராசாங்கம் நம் மதத்துக்காரன் இல்லை. அவனுக்கு இது புரியவே இல்லை. ஊதக்கூடாத மாசத்தில் ஊதுவதற்காக யாராவது வேலையை விடுவார்களா என்று என்னிடம் வந்து கேட்டான்.

துரைக்கும் இது எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ராஜினாமாவை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, பாஸ்குவுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வரை இதை விடுமுறை என்று வைத்துக்கொள், அதற்குள் வந்தால் நாற்காலி உன்னுடையது, இல்லாவிட்டால் திங்கட்கிழமை திருச்சியிலிருந்து வேறு ஆள் வந்துவிடுவான் என்று சொல்லி அனுப்பினார். ஆபீஸ் சாவிக்கொத்தையும் திரும்ப வாங்கவில்லை. அது இத்தனை நாளும் எங்கள் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் பார்க்கிறேன்.

வாத்தியத்தைத் தொடாமல் எப்படிப் பழகுவது? வீட்டில் ஒரு சுரம் கேட்டாலும் தெரு முழுக்க முகம் சுளிக்கும். இவர் குமாஸ்தா மூளையோடு ஒரு வழி கண்டுபிடித்தார். தபசுச் சட்டம் கோயிலுக்கும் தெருவுக்கும்தான், நவாபு கட்டின கோட்டைக்கு அது செல்லாது என்றார். சாமியார் சிரித்துவிட்டு, என் காதில் விழாத தூரமென்றால் சரி என்றாராம். அன்றிலிருந்து ஐந்து பேரும் பஸ் ஏறி ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போய்வந்தார்கள்.

ஒரு விடுமுறை நாளில் நானும் போனேன். கேலி செய்வதற்குத்தான் போனேன் என்று நினைக்கிறேன். கோட்டைக்குள் வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் குடையை விரித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எனக்கு இசை ஞானம் கிடையாது, உனக்குத் தெரியும். ஆனால் இவர் குரலை நான் அங்கேதான் கேட்டேன், அமலோற்பவம். வீட்டிலும் ஆபீசிலும் தணிந்தே பேசுகிற மனிதர், “ராசாங்கம், நீ எதுக்கு ஓடுற? வண்டியா பிடிக்கப் போற?” என்று மதிலில் மோதிவரும்படி சத்தம் போட்டார். அவனும் விடவில்லை. “நீங்க ஆபீஸ் நாக்காலில உக்காந்தாப்புல ஊதுறீங்க சார், எந்திரிச்சு நின்னு ஊதுங்க” என்றான். இவர் கோபப்படாமல் உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து எழுந்து நின்றார். அப்புறம் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்தார்கள். ஆடுகள் நகரவில்லை. நான் குடையை மடித்தேன், ஏன் மடித்தேன் என்று தெரியாது. வெயில் அப்படியேதான் இருந்தது.

அன்றிலிருந்து என் போக்கு எனக்கே அந்நியமாக இருக்கிறது. நேற்று வகுப்பில் பின்னக்கணக்கு நடத்தும்போது மேஜையில் விரலால் தாளம் தட்டியிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தபிறகுதான் தெரிந்தது.

நாளைக்குத்தான் எல்லாம் இருக்கிறது. காலைப் பூசையில் சாமியார் குளோரியாப் பாட்டைத் தொடங்கியதும், வியாழக்கிழமையிலிருந்து ஊமையாக இருக்கும் கோபுர மணி அடிக்கும். அந்த மணியோடு வாசலில் இவர்கள் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஊர் முழுக்க வரும். கோயில் தெரு பாத்திமா மேரி தன் மகள் கல்யாணத்துக்கு இவர்களை அழைப்பதா, திருச்சி செட்டை அழைப்பதா என்று நாளைக்கு வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள். இன்னும் மூன்று வீடுகள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சரியாக அமையாவிட்டால் பன்னிரண்டு மணிக்குள் ஆபீசுக்குப் போய்விடுவதாக இவர் என்னிடம் சொன்னார். இன்று கோயிலில் சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்கும்போது சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அங்கே வேறென்ன செய்ய முடியும்?

இன்று ஒருசந்தி, கஞ்சியோடு சரி. இவர் கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் நாணல் தகட்டை உதட்டில் நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஊதவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எங்களுக்காக மாதாவிடம் ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லு. ஆண்டவருக்கு முன்பின் இல்லை என்று நீதானே அந்தக் காலத்தில் என்னோடு வாதாடுவாய். உன் பிள்ளைகளை மாதா காக்கட்டும்.

உன்
விண்ணரசி

5-4-1947, சனிக்கிழமை.

நடந்தது இது.

கோயில் நிறைந்திருந்தது. நான் பெண்கள் பக்கத்தில் பக்கவாசலை ஒட்டி நின்றேன், வெளியே இவர்கள் நிற்பது தெரிந்தது. சாமியார் குளோரியா தொடங்கினார். பீடத்துச் சிறுமணி கிணுகிணுத்தது. சுரூபங்களை மூடியிருந்த ஊதாத் துணிகளை இழுத்தார்கள். கோபுர மணி அடிக்கவில்லை. காற்றில் ஆடிச் சத்தம் வந்துவிடக் கூடாதென்று வியாழக்கிழமை மணியின் நாக்கைச் சாக்குத் துணியால் கட்டியிருக்கிறார்கள். அவிழ்க்க மறந்துவிட்டார்கள். கீழே கயிற்றை இழுக்கிறார்கள், மேலே பொத் பொத்தென்கிறது.

இவர் கிளாரினெட்டை உதட்டில் வைத்தபடி கோபுரத்தைப் பார்த்து நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். துரையின் வாசலில் நிற்கிற நிற்பு. ராசாங்கம் இவரைப் பார்க்கிறான், அமிர்தசாமி கோலை ஓங்கியபடி இவரைப் பார்க்கிறான். ஜனங்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பிறகு இவர் கோபுரத்திலிருந்து கண்ணை எடுத்தார். மணி இல்லாமலே தொடங்கினார். முதல் சுரம் பிசிறியது. இரண்டாவது நின்றது. தனியாக, நீளமாக, கோயிலுக்குள் வந்தது. ராசாங்கம் பின்னாலேயே பாய்ந்தான். அமிர்தசாமியின் அடி விழுந்தபோது பக்கவாசல் கதவு அதிர்ந்தது. யாரோ ஏறி நாக்கை அவிழ்த்து மணி அடித்தபோது, மணிதான் இவர்களுடைய வேகத்துக்கு ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

பூசை முடிந்ததும் பாத்திமா மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சரம்மா, மணி அடிக்கட்டும்னு சாரு நின்னுக்கிட்டே இருந்திருந்தா திருச்சிக்குத்தான் ஆள் அனுப்பியிருப்பேன். இனிமே எதுக்கு?” என்றாள். கூடவே, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பெரிய டிரம் கொஞ்சம் மெதுவாக அடிக்க வேண்டும், மாப்பிள்ளைக்குப் பயந்த சுபாவம் என்றாள்.

இவரைச் சுற்றிக் கூட்டம். உதடு வீங்கியிருந்தது. கடிகாரத்தை ஒருதரமும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன். அந்த ஆபீஸ் படியை நான் இதற்குமுன் ஏறியதில்லை. துரை, அவர் உங்களை அனுப்பினாரா என்று கேட்டார். இல்லை, நானாக வந்தேன் என்று சொல்லிச் சாவியை மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் அந்த மணி இருந்தது. சின்ன மணி. மேஜை இழுப்பறையைத் திறந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்தார், என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது கடைத்தெருவில் நான் ஏறக்குறைய ஓடினேன்.

இவர் வீட்டுக்கு வந்ததும் வெறும் ஆணியைப் பார்த்தார்.

“குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

நாளைச் சப்பரத்துக்கு நான்கு தெருவும் சுற்ற வேண்டும், நீயும் பக்கத்திலேயே நடந்து வருகிறாயா என்று கேட்டார். வெயில் கடுமையாக இருக்குமே என்றேன். சொல்லிவிட்டு, திருநாளுக்கு உடுத்தும் வெள்ளைப் புடவையை அலசிக் கொடியில் போட்டேன்.