கையில் உடையாமல், வாயில் உதிர

மார்ச் 4
இன்றைய தட்டும் வீண். பாதாம் பிஸ்கட் அடியில் கருகி, நடுவில் பச்சை மாவாக இருந்தது. அவர் படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டு, "கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றார். நாக்கு குழறுகிறது, நக்கல் குழறவில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு சீனரின் பேக்கரியில் இவர் சுட்டது இந்தப் பிஸ்கட்டைத்தான். பேக்கரியும் மூடியாச்சு. நரம்பு நோய் முதலில் விரலைப் பிடித்தது, பிறகு கையை, காலை. இப்போது தொண்டைக்கு வந்து நிற்கிறது. "நான் சுட்ட மாதிரி ஒண்ணு தின்னுட்டா போதும்" என்கிறார். வேறெதுவும் கேட்கவில்லை. கடையில் விற்பதை வாயில் வைக்க மாட்டார்.

மார்ச் 7
மாவைப் பிசையவே கூடாதாம். "துணி துவைக்கிற மாதிரி கசக்குற. சும்மா ஒண்ணு சேர்த்து விடு."

நாள் முழுக்க லாண்டரியில் துணியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற கை இது. இதற்கு நளினம் எங்கே தெரியும்?

"கையில எடுத்தா உடையக் கூடாது, வாயில போட்டா நிக்கக் கூடாது." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. நடுவில் ஓவனில் இருந்தது தீய்ந்துவிட்டது. வாசனை வந்தது. எழுந்து போக மனசு வரலை.

மார்ச் 8
அடி கருகவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 12
நாத்தனார் வந்தார். மேடையெல்லாம் வெண்ணெய், பாதாம் பொடி, முட்டை ஓடு. "அவன் இருக்கிற இருப்புக்கு இப்ப பிஸ்கட் ஒண்ணுதான் கேடா?" என்றார்.

உள்ளிருந்து இவர்: "அக்கா, அவளைத் திட்டாதே. கேட்டது நான்."

நாத்தனார் அழுதார். அழுதுகொண்டே ஒன்றை எடுத்துக் கடித்து, "நல்லாத்தான இருக்கு" என்றார்.

"பொய்" என்றார் இவர்.

மார்ச் 15
புரையேறிவிட்டது. வெறும் தண்ணீர்தான். முகமே நீலம் பாரித்து — எழுதக் கை வரவில்லை.

டாக்டர் சொன்னார்: "இனி வாய் வழியா எதுவும் வேண்டாம். வயித்துல டியூப் வெச்சிடலாம்."

"பிஸ்கட் ஒரு துண்டு?" என்று கேட்டேன், பைத்தியக்காரி மாதிரி. நல்ல மனுஷன், திட்டவில்லை. "ஒரு பொடி மூச்சுக்குழாய்க்குள்ள போனாலும் ஆபத்தும்மா."

இவர் கேட்டது என்ன, அரண்மனையா? இத்துனூண்டு. அதுகூடவா கொடுத்து வெக்கல?

மார்ச் 21
டியூபோடு வீட்டுக்கு வந்தாச்சு.

மார்ச் 23
பழக்கதோஷமா, வீம்பா, தெரியவில்லை. சுட்டேன். வந்துவிட்டது. மேலே மெல்லிய விரிசல், மஞ்சள் கரு பூசின பளபளப்பு. கையில் நின்றது. இத்தனை நாள் வராதது, இன்றைக்குப் பார்த்து.

அவரிடம் காட்டலாமா, ஒளித்துவிடலாமா? யோசிப்பதற்குள் வாசனை முந்திக்கொண்டது. தட்டையே பார்த்தார். வாயைத் திறந்தார்.

முடியாதுன்னுட்டேன். "எனக்கு நீங்க வேணும்"னேன்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இப்படிப் படுக்க வெச்சு யாருக்காகக் காப்பாத்துறேன்? அவருக்கா, எனக்கா?

மார்ச் 24
கொடுத்தேன்.

காலையில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, நாக்கு நுனியில் ஒரே ஒரு பொடி. தாடைக்கடியில் துணி. கரைந்ததும் எச்சிலோடு துடைத்தெடுத்துவிட்டேன். அவர் இருமவில்லை. எனக்குத்தான் மூச்சு நின்றிருந்தது.

உதடு அசைந்துகொண்டே இருந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"உப்பு."

ஒரு சிட்டிகை போட மறந்திருக்கிறேன்.

ஏப்ரல் 10
அதற்கப்புறம் பேச்சில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ் கேட்டாள், "கடைசியா உங்ககிட்ட என்னம்மா சொன்னார்?"

"உப்புன்னார்" என்றேன்.

சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மே 2
இப்போது நாக்கும் அசையவில்லை. இனிப் பொடிகூடக் கிடையாது. கண் மட்டும் இருக்கிறது.

இன்று சுட்டதைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானே தின்றேன். டியூப் வைத்ததிலிருந்து அவர் எதிரில் நான் எதையும் வாயில் வைத்ததில்லை. பாவம் செய்வது மாதிரி இருக்கும். இன்றும் முதல் கடிக்கு மேல் போகவில்லை. தட்டைக் கீழே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். திரும்ப எடுத்தேன், திறந்தார்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியாகும்வரை மென்றேன்.